ஒரே சொல், பல வேலை: ஆங்கிலச் சொற்களை இனங்காணும் வழி

புனே நகரின் வடக்கே, ஆளந்தி சாலையில் இருக்கிறது விஷ்ராந்த்வாடி. அங்கே கடை வாசலில் தொங்குவது போர்டு. சற்று மேற்கே, கட்கி ராணுவக் குடியிருப்பை நிர்வகிக்கும் அமைப்பின் பெயர் கண்டோன்மென்ட் போர்டு. கிழக்கே லோஹகாவ் விமான நிலையத்தில் பயணிகள் விமானத்தை ‘போர்டு’ செய்கிறார்கள். அந்தப் பகுதியின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் எழுதுவது போர்டு தேர்வு. அதை நடத்தும் மாநிலக் கல்வி வாரியத்தின் தலைமையகமும் புனேயில்தான் உள்ளது. உணவும் அறையும் சேர்ந்து கிடைக்கும் இடத்துக்கு ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று பெயர். சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஒரே சொல் பலகையாகவும் குழுவாகவும் சாப்பாடாகவும் ஏறுதலாகவும் நிற்கிறது. இவற்றுள் ஓரிடத்தில் அது வினைச்சொல், மற்ற இடங்களில் பெயர்ச்சொல்.

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர் தடுமாறும் இடம் இது. ‘போர்டு என்றால் பலகை’ என்று மனப்பாடம் செய்தவருக்கு, விமான நிலைய அறிவிப்பில் வரும் ‘போர்டு’ விளங்காது. சொல்வகையை அறிவதும் பொருளை அறிவதும் பள்ளியில் இரு வேறு பாடங்களாக நடத்தப்படுகின்றன. உண்மையில் இரண்டுக்கும் வழி ஒன்றே: சொல் எந்த இடத்தில், எந்தச் சொற்களோடு நிற்கிறது என்று பார்ப்பது.

தமிழில் சொல்லின் வேலையைப் பெரும்பாலும் அதன் கடைசிப் பகுதி காட்டிக்கொடுத்துவிடும். ‘அழகு’ பெயர், ‘அழகான’ பெயரடை, ‘அழகாக’ வினையடை. வேற்றுமை உருபு ஒட்டினால் பெயர். காலமும் பாலும் காட்டும் இடைநிலை, விகுதி வந்தால் வினை. சொற்களை இடம் மாற்றி வைத்தாலும் ‘ராமன் கண்ணனை அடித்தான்’ என்பதில் அடித்தவர் யார் என்ற ஐயம் வராது. ஆங்கிலத்தில் அப்படி மாற்றினால் அடித்தவரே மாறிவிடுவார். அங்கே உருபின் வேலையைச் சொல்லின் இடம் செய்கிறது.

ஆங்கிலம் தொடக்கம் முதலே இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘லவ்’ என்பதன் பெயர் வடிவம் ‘லுஃபு’, வினை வடிவம் ‘லுஃபியன்’. ஈறே இரண்டையும் பிரித்துக் காட்டியது. பின்னர் ஸ்காண்டிநேவியர், நார்மானியர் கலப்பு நடந்த நூற்றாண்டுகளில் அந்த ஈறுகள் தேய்ந்து மறைந்தன. பெயரும் வினையும் ஒரே உருவமாகிவிட்டன. ஈறு போனதால் எந்தப் பெயரையும் வினையாக்கும் உரிமை ஆங்கிலத்துக்குக் கிடைத்தது. ‘புக்’ என்ற நூல், பயணச்சீட்டு முன்பதிவானது இப்படித்தான்.

பள்ளியில் கற்பிக்கப்படும் எட்டு சொல்வகைகள் ஆங்கிலத்துக்கென்று வகுக்கப்பட்டவை அல்ல. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க இலக்கணி டயோனீசியஸ் த்ராக்ஸின் பெயரில் வழங்கும் நூலில் எட்டு வகைகள் உண்டு. அவற்றில் ஒன்று, கிரேக்கத்தில் பெயருக்கு முன் வரும் ‘ஆர்ட்டிகிள்’. லத்தீனில் அது கிடையாது. ஆகவே லத்தீன் இலக்கணிகள் அதை நீக்கி, வியப்பிடைச் சொல்லைத் தனி வகையாக்கினார்கள். எண்ணிக்கை எட்டாகவே தொடர்ந்தது. 1586இல் வில்லியம் புல்லோக்கர் எழுதிய முதல் ஆங்கில இலக்கண நூல் லத்தீன் இலக்கணத்தையே முன்மாதிரியாகக் கொண்டது. பெயரடை தனி வகையாக நிலைபெற 18ஆம் நூற்றாண்டு வரை ஆனது. அதுவரை அது பெயரின் ஒரு பிரிவாகவே எண்ணப்பட்டது.

இந்தியப் பள்ளிகளுக்கு இந்த மரபைக் கொண்டுவந்தவற்றுள் முதன்மையானது ‘ரென் அண்ட் மார்ட்டின்’. 1930களில் வெளியான அந்த இலக்கண நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான பி. சி. ரென், பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றியவர். ‘போ ஜெஸ்ட்’ என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதியவரும் அவரே. பயிற்சிகளின் நிறைவுக்காக அந்த நூல் இன்றும் மதிப்புடன் நிற்கிறது. ஆனால் ‘ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் பெயர் பெயர்ச்சொல், செயலைக் குறிப்பது வினைச்சொல்’ என்று மனப்பாடமாகிவிட்ட பள்ளி வரையறைகளை மட்டும் நம்பினால் மாணவர் வழி தவறுவார். ‘அரைவல்’ என்பது வந்து சேரும் செயல். ஆனால் அது பெயர்ச்சொல். தமிழிலும் ‘வருகை’ செயலைத்தான் குறிக்கிறது. அதைத் தொழிற்பெயர் என்கிறோம், வினைமுற்று என்பதில்லை. பொருளை வைத்துச் சொல்வகையைத் தீர்மானிக்க முடியாது என்பதைத் தமிழ் இலக்கணம் படித்தவர்கள் எளிதில் ஏற்றுக்கொள்வார்கள்.

1952இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் ஃப்ரைஸ் வேறு வழியில் சென்றார். சுமார் 50 மணி நேரத் தொலைபேசி உரையாடல்களைப் பதிவுசெய்து, மக்கள் பேசிய வாக்கியங்களிலிருந்தே ஆங்கிலத்தின் அமைப்பை எடுத்து எழுதினார். வாக்கியத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே எந்தச் சொற்களெல்லாம் பொருந்துகின்றன என்று பார்ப்பது அவர் முறை. ஒரே காலியிடத்தில் பொருந்தும் சொற்கள் ஒரே வகை. இப்படி நான்கு பெரிய வகைகளையும், வாக்கியத்தைக் கட்டும் சிறு சொற்களின் 15 குழுக்களையும் அவர் வகுத்தார். வகைகளுக்கு அவர் வைத்த எண்கள் வழக்கத்துக்கு வரவில்லை. காலியிடச் சோதனை நிலைத்துவிட்டது. வகுப்பறையில் சொல்வகை கற்பிக்க அதைவிட எளிய கருவி இல்லை.

அந்தச் சோதனையின் வலிமையை அறிய, எந்த அகராதியிலும் இல்லாத சொற்களால் ஆன வாக்கியம் ஒன்று போதும்: ‘தி க்ளாபர்ஸ் ஆர் ஸ்னிம்மிங் டர்மிஷ்லி இன் எ ப்ளோக்.’ இதற்குப் பொருள் கிடையாது. ஆனாலும் ‘தி’க்குப் பின் நின்று ‘ஸ்’ என்று முடிவதால் ‘க்ளாபர்ஸ்’ பன்மைப் பெயர். ‘ஆர்’ உடன் சேர்ந்து ‘இங்’ ஏற்றதால் ‘ஸ்னிம்மிங்’ வினை. ‘லி’ என்று முடிந்து அந்த வினைக்குப் பின்னால் நிற்பதால் ‘டர்மிஷ்லி’ வினையடை. ‘இன் எ’ என்பதற்குப் பின் வரும் ‘ப்ளோக்’ ஒருமைப் பெயர். பொருளே தெரியாமல் நான்கு சொற்களின் வகையையும் சொல்லிவிட முடிகிறது.

உண்மையான சொல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ‘ஹி இஸ் எ ஃபாஸ்ட் ரன்னர்’ என்பதில் ‘ஃபாஸ்ட்’ பெயருக்கு முன் நிற்கிறது, பெயரடை. ‘ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்பதில் எப்படி ஓடுகிறான் என்று சொல்கிறது, வினையடை. ‘லி’ சேராமலே வினையடையாக வரும் சில சொற்களுள் இதுவும் ஒன்று. ‘ஹி ப்ரோக் ஹிஸ் ஃபாஸ்ட்’ என்பதில் ‘ஹிஸ்’ என்னும் உடைமைச் சொல்லுக்குப் பின் வருவதால் பெயர், பொருள் உண்ணாநோன்பு. ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கோடு பண்டரிபுரம் நோக்கி நடக்கும் வார்கரி அடியார்களைப் பற்றி ‘தே ஃபாஸ்ட் ஆன் ஏகாதசி’ என்று எழுதினால், எழுவாய்க்குப் பின் நிற்கும் அதே சொல் வினை. நான்கு இடங்கள், நான்கு வகைகள். எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

‘இங்’ என்று முடியும் சொற்களில்தான் குழப்பம் மிகுதி. ‘நோ பார்க்கிங்’ என்ற அறிவிப்பில் ‘நோ’ முன்னால் நிற்பதால் ‘பார்க்கிங்’ பெயர். ‘ஹி இஸ் பார்க்கிங் தி ஸ்கூட்டர்’ என்பதில் ‘இஸ்’ உடன் சேர்ந்து ஒரு செயப்படுபொருளையும் ஏற்கிறது, அது வினை. பெயருக்கு முன்னால் வரும் ‘இங்’ இன்னும் நுட்பமானது. ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ என்றால் தூங்குகிற குழந்தை. ‘ஸ்லீப்பிங் பில்’ என்றால் தூங்குகிற மாத்திரை ஆகாது, தூக்கத்துக்கான மாத்திரை. முதலாவதைத் தமிழில் பெயரெச்சமாகவும், இரண்டாவதைத் தொழிற்பெயரோடு நான்காம் வேற்றுமை சேர்த்தும் சொல்கிறோம். ஆங்கிலம் ஒரே உருவத்தில் மறைத்து வைத்திருக்கும் வேறுபாடு, தமிழில் சொல்லிப் பார்த்ததும் வெளிப்பட்டுவிடுகிறது. தாய்மொழி இலக்கணம் தெரிந்த மாணவருக்கு இது பெரிய பலம். ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்தாமல் விடுவது வருத்தத்துக்குரியது.

பெயர் இன்னொரு பெயருக்கு முன் நின்றால் அதைப் பெயரடை என்று எழுதிவிடுவது மாணவர்களின் வழக்கமான தவறு. ‘பஸ் ஸ்டாப்’ என்பதில் ‘பஸ்’ பெயராகவே நிற்கிறது. சோதித்துப் பார்க்க ‘வெரி’ என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் போதும். ‘வெரி ஃபாஸ்ட் ரன்னர்’ பொருந்துகிறது. ‘வெரி பஸ் ஸ்டாப்’ பொருந்தவில்லை. எல்லாப் பெயரடையும் ‘வெரி’யை ஏற்பதில்லை என்றாலும், ஐயம் வரும் பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

சிறு சொற்களுக்கும் இதே முறைதான். ‘ஆஃப்டர் லஞ்ச்’ என்பதில் ‘ஆஃப்டர்’ ஒரு பெயரை மட்டும் ஏற்கிறது; அது முன்னிடைச் சொல். ‘ஆஃப்டர் ஹி லெஃப்ட்’ என்பதில் எழுவாயும் வினையும் உள்ள முழு வாக்கியத்தை ஏற்கிறது. அது இணைப்புச் சொல்.

எழுத்து மறைப்பதைச் சில வேளைகளில் ஒலி காட்டும். ‘ரெக்கார்ட்’ என்று முதல் அசையை அழுத்திச் சொன்னால் பதிவேடு அல்லது சாதனை. ‘ரிக்கார்ட்’ என்று இரண்டாம் அசையை அழுத்தினால் பதிவுசெய்யும் செயல். எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். ‘ப்ரசென்ட்’, ‘அப்ஜெக்ட்’ போன்ற பல ஈரசைச் சொற்கள் இந்த வழியில் செல்கின்றன: பெயருக்கு முன் அழுத்தம், வினைக்குப் பின் அழுத்தம். தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. அதனால் இந்த வேறுபாடு தமிழர் காதில் எளிதில் விழாது. இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

சொல்வகை தெரிந்ததும் பொருளின் பரப்பு சுருங்கிவிடும், ஆனால் ஒன்றாகிவிடாது. ‘போர்டு’ பெயர்ச்சொல் என்று தெரிந்த பிறகும், அது பலகையா, வாரியமா, சாப்பாடா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

இந்தப் பொருள்களுக்குள் ஓர் உறவு உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘போர்டு’ மரப்பலகையைக் குறித்தது. பலகையால் செய்த மேசை அந்தப் பெயரைப் பெற்றது. மேசைமீது பரிமாறப்பட்ட உணவுக்கும் அதுவே பெயரானது. ‘போர்டிங்’ அங்கிருந்து வந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுத்த குழுவும் ‘போர்டு’ ஆனது. கப்பலின் பக்கவாட்டுக்கும் பழங்காலத்தில் இதே சொல் வழங்கியது. அதைத் தாண்டி ஏறுவது கப்பலேறுதல், பின்னாளில் விமானம் ஏறுதல். இப்படி ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த பொருள்களை அகராதிகள் ஒரே தலைச்சொல்லின் கீழ் 1, 2, 3 என்று எண்ணிட்டுத் தருகின்றன.

‘பேட்’ அப்படிப்பட்டதல்ல. வௌவாலைக் குறிக்கும் ‘பேட்’ வேறு வேரிலிருந்து வந்து, காலப்போக்கில் உருமாறி, கிரிக்கெட் மட்டையைக் குறிக்கும் ‘பேட்’டோடு தற்செயலாக ஒத்துப்போனது. உறவில்லாத இத்தகைய சொற்களைத் தனித்தனித் தலைச்சொற்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தோளிலும் சிறிய எண் இடுவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் இந்த முறையில் அமைந்ததே. இந்த எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. விரைவைக் குறிக்கும் ‘ஃபாஸ்ட்’டும் நோன்பைக் குறிக்கும் ‘ஃபாஸ்ட்’டும் உறவற்றவைபோலத் தோன்றும். ஆனால் இரண்டின் அடியிலும் ‘உறுதியாகப் பற்றியிருத்தல்’ என்ற பழைய கருத்து இருக்கிறது. சாயம் போகாத துணியை ‘ஃபாஸ்ட் கலர்’ என்று சொல்வதில் அந்தப் பழம்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்றைய பேச்சில் உறவு தெரியாததால் அகராதிகள் அவற்றைப் பிரித்தே வைக்கின்றன.

பொருள்கள் எத்தனை என்று தீர்மானிப்பவர் யார், எப்படி? இதற்கு விடை காண விஷ்ராந்த்வாடியிலிருந்து நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஆளந்தி சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் சென்றால், எரவாடா பகுதியில் டெக்கான் கல்லூரி இருக்கிறது. 1821இல் சம்ஸ்கிருதப் பாடசாலையாகத் தொடங்கிய அந்த நிறுவனம், 1939இல் உயராய்வு நிறுவனமாக மறுபிறப்பு எடுத்தது. 1948இல் அங்கே மொழியியல் அறிஞர் எஸ். எம். காத்ரே, வரலாற்று முறையில் அமைந்த சம்ஸ்கிருதக் கலைக்களஞ்சிய அகராதித் திட்டத்தைத் தொடங்கினார். ரிக்வேதத்திலிருந்து தொடங்கிச் சுமார் 1,500 நூல்கள் வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு சொல்லும், அது வரும் இடத்தோடு சேர்த்து ஒரு தாள் துண்டில் எழுதப்பட்டது. இப்படிச் சேர்ந்த துண்டுகள் ஏறத்தாழ ஒரு கோடி. அவை அங்கே தனிக் காப்பகமாகவே பேணப்படுகின்றன.

அகராதியாசிரியர் ஒரு சொல்லுக்கான துண்டுகளையெல்லாம் எடுத்து மேசையில் பரப்புகிறார். எந்தெந்த இடங்களில் சொல் ஒரே மாதிரி பயன்பட்டிருக்கிறதோ அவற்றை ஓர் அடுக்காக்குகிறார். பழைய நூலிலிருந்து புதிய நூல் என்ற வரிசையில் அவற்றை வைக்கிறார். எத்தனை அடுக்குகள் சேர்கின்றனவோ அத்தனை பொருள்கள். அகராதியில் உள்ள பொருள் என்பது, வாக்கியங்களைப் பார்த்தபின் ஒரு மனிதர் எழுதிய முடிவு. வாக்கியம் முந்தியது, பொருள் பிந்தியது. டெக்கான் கல்லூரி அகராதியின் முதல் பகுதி, ஏ. எம். காட்கேயைப் பொதுப்பதிப்பாசிரியராகக் கொண்டு 1976இல் தொடங்கி வெளிவந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள் வந்த பிறகும் பணி முதல் எழுத்தான ‘அ’விலேயே நடந்துகொண்டிருந்தது. ஒரு சொல்லின் எல்லா வேலைகளையும் நேர்மையாகப் பதிவுசெய்ய எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தலைமுறை தலைமுறையாக அந்தத் துண்டுகளோடு வாழ்ந்த அறிஞர்களுக்கு நாடு நன்றி சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்துக்கு இதே பணியை ஆக்ஸ்ஃபோர்டு அகராதி செய்தது. 1879இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே, தன்னார்வ வாசகர்கள் அனுப்பிய லட்சக்கணக்கான துண்டுகளை வைத்து வேலை தொடங்கினார். முதல் பகுதி 1884இல் வந்தது. முழு அகராதியும் 1928இல் முடிந்தது. மர்ரே 1915இலேயே காலமாகிவிட்டார். 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட இடம் பிடித்த சொல் மூன்றே எழுத்துள்ள ‘செட்’. பின்னர் நடந்த திருத்தத்தில் ‘ரன்’ அதை முந்தியது. அதன் வினை வடிவத்துக்கு மட்டும் 645 பொருள்கள் கணக்கிடப்பட்டன. மிக எளிய சொற்களுக்குத்தான் மிக அதிகப் பொருள்கள். கடினமான சொற்களை மட்டும் பட்டியலிட்டுப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பலபொருள் ஒருசொல் தமிழ் மரபுக்குப் புதிதல்ல. திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களுக்காகவே ஒதுக்கப்பட்டது. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் முதலாவதான பெயரகராதி, சொற்களை அகர வரிசையில் அடுக்கிப் பொருள்களைத் தந்தது.

அவற்றுக்கெல்லாம் முன்பே தொல்காப்பியம், கிளவியாக்கத்தில், பல பொருள் தரும் ஒரு சொல்லை எப்படித் தெளிவது என்று மூன்று வழிகள் கூறியிருக்கிறது. அதனோடு வரும் வினை, அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் இனம், பேசப்படும் சூழலாகிய சார்பு. உரையாசிரியர்கள் இதை ‘மா’ என்ற சொல்லால் விளக்கினார்கள். பூத்தது என்ற வினை வந்தால் அது மாமரம். மருத மரத்தோடு சேர்த்து எண்ணினாலும் மரமே. கவசம் அணிந்து போருக்கு நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால், அவன் கேட்பது குதிரை.

இந்த மூன்றும் ஆங்கிலத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. ‘பேட்’ பறந்தது என்றால் வினையால் வௌவால். பந்தோடும் ஸ்டம்போடும் சேர்த்துச் சொன்னால் இனத்தால் மட்டை. ‘தி போர்டு மெட் யெஸ்டர்டே’ என்பதில் ‘கூடியது’ என்னும் வினையே அது குழு என்று சொல்லிவிடுகிறது. சார்புக்கு ‘மேகசின்’ நல்ல எடுத்துக்காட்டு. கட்கியில் 1869 முதல் வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அத்தகைய இடங்களில் ‘மேகசின்’ என்றால் வெடிமருந்துக் கிடங்கு. துப்பாக்கிப் பயிற்சியில் தோட்டாக்களை அடைத்து வைக்கும் கூடு. புத்தகக் கடையில் வார, மாத இதழ். கிடங்கு என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது இது. 1731இல் லண்டனில் தொடங்கிய ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ தன்னைச் செய்திகளின் கிடங்காகக் கருதி இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் இதழ் என்ற பொருள் வேரூன்றியது.

சார்பு என்பதில் ஊரும் அடங்கும். ‘டாங்க்’ என்ற சொல் இந்தியாவிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போனது. மேற்கிந்திய மொழிகளில் நீர்நிலையைக் குறித்த சொல்லோடு போர்த்துகீசியச் சொல்லும் கலந்தது என்று கருதப்படுகிறது. தமிழ்நாட்டின் பாசன ஆவணங்களில் ‘டாங்க்’ என்றால் ஏரி. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி. முதல் உலகப் போரின்போது பிரிட்டன் தான் செய்துவந்த கவச வண்டியின் ரகசியத்தைக் காக்க, அதைத் தண்ணீர்த் தொட்டி என்று பொருள்பட ‘டாங்க்’ என்று பேச்சில் மறைத்தது. 1916இல் அது போர்க்களத்துக்கு வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. புனேக்கு வடகிழக்கே, அகமதுநகர் என்று அறியப்பட்டுவந்த ஊரில் அத்தகைய பழைய வண்டிகளுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. ஏரியும் போர் வண்டியும் ஒரே சொல்லில் சந்திப்பதற்குப் பின்னால் இத்தனை வரலாறு உண்டு.

இந்தியாவில் ‘பாஸ்ட் அவுட்’ என்றால் கல்லூரிப் படிப்பை முடித்தார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சாதாரணப் பேச்சில் மயங்கி விழுந்தார் என்று பொருள். கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் நடக்கும் ‘பாஸிங் அவுட் பரேட்’ ராணுவ வழக்கு. இந்தியக் கல்லூரி வழக்கு அதற்கு நெருங்கியது. தமிழ்நாட்டில் ‘ஹோட்டல்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாப்பாடு. வேறு நாடுகளில் தங்கும் அறை. இவற்றைத் தவறான ஆங்கிலம் என்று ஒதுக்குவது சரியாகாது. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் சிவாஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். வி. சாஸ்திரி தலைமையில், 1978இல் வெளியான இந்திய ஆங்கில எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்கள் தொகுக்கப்பட்டன. கோலாப்பூர் கார்ப்பஸ் என்று உலகெங்கும் அறியப்பட்ட அந்தத் தொகுப்பு, இந்திய ஆங்கிலத்துக்கும் தனக்கென ஒரு வழக்கு உண்டு என்பதைத் தரவோடு ஆராய வழி செய்தது.

அதற்கு முன்மாதிரி அமெரிக்காவின் பிரவுன் கார்ப்பஸ். அதை வைத்து 1988இல் ஸ்டீவன் டிரோஸ் செய்த கணக்கு, மாணவர்களின் தடுமாற்றத்துக்குக் காரணம் சொல்கிறது. தனித்தனிச் சொற்களாக எண்ணினால், ஒன்றுக்கு மேற்பட்ட சொல்வகை உடையவை 11.5 சதவீதமே. ஆனால் ஓடும் எழுத்தில் அவை திரும்பத் திரும்ப வருவதால், பக்கத்தில் உள்ள சொற்களில் 40 சதவீதத்துக்கும் மேல் ஐயத்துக்கு இடம் தருபவை. இரட்டை வேலை செய்யும் சொற்கள் எண்ணிக்கையில் குறைவு, புழக்கத்தில் மிகுதி.

கணினிக்கும் இதே சிக்கல்தான். இயந்திர மொழிபெயர்ப்பின் தொடக்க காலத்தில், 1960இல், யெஹோஷுவா பார்-ஹில்லெல் ஒரு வாக்கியத்தைக் காட்டினார். பெட்டி ‘பென்’னுக்குள் இருந்தது என்பது அதன் கருத்து. பேனாவுக்குள் பெட்டி அடங்காது. இங்கே ‘பென்’ என்பது குழந்தை விளையாடும் தடுப்புக் கூடு. பொருள்களின் அளவு தெரியாத இயந்திரத்தால் இதை எப்படி அறிய முடியும் என்று கேட்டார். 1986இல் மைக்கேல் லெஸ்க் எளிய வழி ஒன்றை முன்வைத்தார்: அருகருகே வரும் இரண்டு சொற்களின் அகராதி விளக்கங்களை ஒப்பிட்டு, எந்தப் பொருள்களில் பொதுச் சொற்கள் அதிகமோ அவற்றை எடுத்துக்கொள்வது. இனத்தை வைத்துத் தெளிவது என்று தொல்காப்பியம் சொன்னதும் இந்த வகையைச் சேர்ந்ததே. இன்றைய மொழிபெயர்ப்புக் கருவிகள் கோடிக்கணக்கான வாக்கியங்களில் அக்கம்பக்கச் சொற்களைக் கணக்கிட்டே பொருளைத் தேர்கின்றன.

மாணவருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை எளிது. ஐயம் தரும் சொல்லைக் கண்டதும் அகராதியைத் திறக்கும் முன் வாக்கியத்தில் அதன் இடத்தைப் பார்த்து, பெயரா வினையா அடையா என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும். பிறகு அகராதியில் அந்த வகைக்குரிய பகுதிக்கு மட்டும் போக வேண்டும். முதல் பொருளிலேயே நின்றுவிடக் கூடாது. வரலாற்று முறை அகராதிகளில் முதலில் வருவது மிகப் பழைய பொருள். மாணவர்களுக்கான அகராதிகளில் மிகுதியாக வழங்கும் பொருள். கையில் இருப்பது எந்த வகை என்பதை முன்னுரையைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்து, கையில் உள்ள வாக்கியத்தோடு எது ஒத்துப்போகிறது என்று பார்த்தபின் பொருளை எழுதலாம்.

பள்ளிக் குறிப்பேடுகளில் இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல் என்று எழுதவைக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் கைவிட வேண்டும். சொல்லோடு, அது வந்த வாக்கியத்தையும் முழுதாக எழுதவைக்கட்டும். ஒரு சொல்லுக்கு இப்படி நான்கைந்து வாக்கியங்கள் சேர்ந்தாலே, அதன் சொல்வகைகளையும் பொருள்களையும் மாணவர் தாமே பிரித்து எழுதிவிடுவார்.